யார் கட்டும் வரி?
தொலைக்காட்சித் தமிழில் அமெரிக்க அரசியலும் பொருளாதாரமும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், ஜோர்ஜ் டவுனில் மாணவர்களுக்கான மொழிப் பயிலரங்கு ஒன்றில் பேசிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். படிவம் இரண்டில் பயிலும் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஐயா, அமெரிக்கா நம்ம மேல 24 விழுக்காடு வரி போட்டிருக்காம். அப்பா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். அவருடைய தந்தையார் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். முதல்நாள் இரவு தொலைக்காட்சிச் செய்தியைக் குடும்பமே சேர்ந்து பார்த்திருக்கிறது. நான் சிரித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்லை தம்பி, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மாணவர் அறியாமையால் கேட்கவில்லை. தமிழ்த் தொடர் ஒன்றைச் சரியாகக் கேட்டு, அதன் இலக்கணத்திலிருந்து நேர்மையாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். பிழை இருந்ததென்றால் அது தொடரின் அமைப்பில் இருந்தது. அந்தத் தொடரையும் அதைப் போன்ற பிறவற்றையும் ஆசிரியர்களும் மாணவர்களும் எவ்வாறு அணுகலாம் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். எந்தக் கட்சியின் கொள்கை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைச் சொல்வதே மொழியியல் பயின்றவனின் வேலை.

பினாங்குக்கும் வாஷிங்டனுக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்கக் கட்சி அரசியல் நமக்குத் தொலைதூரக் கதையாகத் தோன்றலாம். பினாங்கைப் பொறுத்தவரை அது அப்படியன்று. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் வந்திறங்கிய காலந்தொட்டு, சுங்கத் தடையின்றிக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகம் என்ற பெயரோடுதான் ஜோர்ஜ் டவுன் வளர்ந்தது. 1960களின் இறுதியில் அந்தச் சலுகை நீங்கியபோது வேலையின்மை பெருகியது. அதன் பின்னர், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுப் பொருத்துகூடத்தை இங்கே நிறுவியது. அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் பல அடுத்தடுத்து வந்தன. இன்று உலகின் குறைகடத்திப் பொருத்துதல், சோதித்தல் பணிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுவதாகக் கணக்கிடப்படுகிறது. அதில் பினாங்கின் பங்கு பெரிது.

ஆகவே வாஷிங்டனில் ஒரு வரி விகிதம் மாறினால், அது பினாங்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சோற்றுப் பானையைத் தொடுகின்ற செய்தி. அச்செய்தியைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொள்ள இயலாவிட்டால், அக்குடும்பம் ஒன்று தேவையில்லாமல் அஞ்சும். அல்லது அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருந்துவிடும்.

'மீது' என்னும் சொல் செய்யும் வேலை

அந்த மாணவர் கேட்ட தொடர் பெரும்பாலும் இவ்வாறு இருந்திருக்கும்: "மலேசியா மீது அமெரிக்கா 24 விழுக்காடு வரி விதித்தது." இலக்கணப் பிழை ஏதும் இல்லாத தொடர். எழுவாய் அமெரிக்கா. செயப்படுபொருள் வரி. 'மீது' என்பது இடப்பொருள் உணர்த்தும் உருபு. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது 'மேல்' என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சுமை ஒன்றை ஒருவர் மீது வைத்தால், அச்சுமையைச் சுமப்பவர் அவரே. கேட்பவர் மனத்தில் எழும் காட்சி இதுதான்: வரி என்னும் சுமையை அமெரிக்கா மலேசியாவின் தலையில் வைக்கிறது, மலேசியா அதைச் சுமந்து கட்டுகிறது.

உண்மையில் நடப்பது வேறு. இறக்குமதி வரி என்பது, அமெரிக்காவுக்குள் பொருளைக் கொண்டுவரும் இறக்குமதியாளர் அமெரிக்கச் சுங்கத்துறைக்குக் கட்டும் தொகை. பினாங்கில் செய்த கருவி ஒன்று கலிபோர்னியாவில் உள்ள நிறுவனத்திற்கு 100 டாலருக்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். வரி 24 விழுக்காடானால், அந்தக் கலிபோர்னிய நிறுவனம் தன் நாட்டு அரசுக்கு 24 டாலர் கட்ட வேண்டும். மலேசிய அரசோ மலேசியத் தொழிலாளியோ அந்தப் பணத்தை அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை.

வரியைக் கட்டுபவர் ஒருவர், அதன் பாரத்தைத் தாங்குபவர் வேறொருவர் என்பதும் உண்டு. கலிபோர்னிய நிறுவனம் அந்த 24 டாலரை விலையில் ஏற்றினால், பாரம் அமெரிக்க நுகர்வோரிடம் போகும். தன் இலாபத்தைக் குறைத்துக்கொண்டால், பாரம் அந்நிறுவனத்திடமே தங்கும். "விலையைக் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு நாட்டில் வாங்குவோம்" என்று பினாங்குத் தொழிற்சாலையிடம் பேரம் பேசினால், பாரத்தின் ஒரு பகுதி இங்கே வந்து சேரும். இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்தே நடைபெறும்.

இதை வினைச்சொல்லின் நோக்கிலிருந்து பார்க்கலாம். 'விதித்தல்' என்னும் வினைக்கு விதிப்பவர் வேண்டும். விதிக்கப்படும் பொருள் வேண்டும். கட்டுபவருக்கு அத்தொடரில் இருக்கையே இல்லை. 'செலுத்துதல்', 'கட்டுதல்' என்னும் வினைகளை எடுத்துக்கொண்டால், கட்டுபவர் எழுவாயாக வந்து அமர்ந்தே தீர வேண்டும். "மலேசியாவிலிருந்து வரும் பொருள்களுக்கு அமெரிக்க இறக்குமதியாளர்கள் இனி 24 விழுக்காடு வரி செலுத்த வேண்டும்" என்று செய்தியை எழுதிப் பாருங்கள். நான்கு சொற்கள் கூடுதல்தான். ஆயினும் அந்த மாணவரின் வீட்டில் அன்றிரவு அச்சம் குறைந்திருக்கும்; சரியான கேள்வியும் பிறந்திருக்கும்.

சுங்கம்: நமக்குப் பழகிய சொல்

வரி பற்றிப் பேசும் ஆற்றல் தமிழுக்குப் புதிதன்று. சுங்க வருவாயை 'உல்கு' என்னும் சொல்லால் திருக்குறள் குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்கக் காவலர்கள் சரக்குகளுக்குப் புலி முத்திரை இட்ட காட்சியைப் பட்டினப்பாலை விரிக்கிறது. 1070 முதல் 1120 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரே ஏற்பட்டது. வாணிபத் தடையை நீக்கியதை ஓர் அரசனின் புகழாகப் போற்றிய மொழி நம்முடையது.

பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள கெடாதான் பழைய கடாரம் என்பதை நம் மாணவர்கள் அறிவர். இராசேந்திரன் 1025இல் கடாரத்தின் மீது படையெடுத்ததையும் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. குலோத்துங்கனின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் வேண்டியதன் பேரில், நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரிகள் சில நீக்கப்பட்டன. லெய்டன் சிறிய செப்பேடு இதைப் பதிவு செய்கிறது. தூதர் வருவது, வேண்டுவது, வரி நீங்குவது, அதை எழுத்தில் பொறிப்பது ஆகிய யாவும் 900 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் நடந்தவை. அச்செப்பேட்டின் மொழியில் ஒரு சிறப்பு உண்டு. யார் வேண்டினார், யார் ஆணையிட்டார், எந்த ஊர்கள், எந்த வரிகள் என்பதெல்லாம் அதில் பெயர் சுட்டிச் சொல்லப்படும். ஆவணத் தமிழின் அந்த ஒழுங்கை இன்றைய செய்தித் தமிழும் கைக்கொள்ளலாம்.

ஒரு பலகையும் ஒரு தலைப்பும்

2025 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒரு பெரிய பலகையை உயர்த்திக் காட்டினார். அதில் நாடுகளின் பெயர்களும் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு எண்களும் இருந்தன. மலேசியாவுக்கு எதிரே முதல் எண் 47. இரண்டாம் எண் 24. முதல் பத்தியின் தலைப்பு, அந்நாடு அமெரிக்காவின் மீது விதிக்கும் வரி என்று பொருள்பட அமைந்திருந்தது. நாணயக் கையாடலும் பிற வாணிபத் தடைகளும் அதில் அடங்கும் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. இரண்டாம் பத்தி, அமெரிக்கா பதிலுக்கு விதிக்கும் வரி.

மலேசியா அமெரிக்கப் பொருள்களுக்கு 47 விழுக்காடு வரி விதித்ததா? இல்லை. அந்த எண் எவ்வாறு வந்தது என்பதை அமெரிக்க வாணிபப் பேராளர் அலுவலகமே பின்னர் வெளியிட்டது. ஒரு நாட்டுடன் அமெரிக்காவுக்கு உள்ள சரக்கு வாணிபப் பற்றாக்குறையை, அந்நாட்டிலிருந்து அமெரிக்கா செய்யும் இறக்குமதியால் வகுத்தால் கிடைக்கும் விகிதமே அந்த முதல் எண். அதில் ஏறத்தாழப் பாதி இரண்டாம் எண். எந்த நாட்டுக்கும் 10 விழுக்காட்டுக்குக் குறையாது. ஆக, 47 என்பது வரி விகிதமன்று, பற்றாக்குறையின் விகிதம். எண் சரியாகவே கணக்கிடப்பட்டிருந்தது. அதன் தலையில் இருந்த பெயர்தான் வேறு.

இவ்விடத்தில் தமிழ் ஊடகங்களின் சொல்தேர்வு கவனிக்கத்தக்கது. அந்த வரியைச் சிலர் 'பரஸ்பர வரி' என்றனர். சிலர் 'பதில் வரி' என்றனர். சிலர் 'பதிலடி வரி' என்றனர். மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் பதிலடி என்றால் முதலடி ஒன்று இருந்தாக வேண்டும். அச்சொல்லை ஆளும் செய்தியாளர், "மலேசியா முதலில் அடித்தது" என்னும் கருத்தைத் தாம் அறியாமலே வழிமொழிகிறார். மொழியியலில் இதை முற்கோள் என்போம். வெளிப்படையாகச் சொல்லப்படாமலே சொல்லுக்குள் பொதிந்துவரும் கூற்று அது. நேராகச் சொன்ன கூற்றை நாம் மறுக்கலாம். முற்கோளோ நம் ஒப்புதலைக் கேட்காமலே உள்ளே வந்து அமர்ந்துவிடும். "அமெரிக்கா 'பரஸ்பர வரி' என்று பெயரிட்டுள்ள இறக்குமதி வரி" என்று எழுதினால், பெயர் வைத்தவர் யார் என்பது தெளிவாகிவிடும்.

வரிக் குறைப்பைப் பற்றிய விவாதங்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஜோர்ஜ் லேக்கோஃப் 'வரி நிவாரணம்' என்னும் தொடரை எடுத்துக்காட்டாக விளக்கியுள்ளார். நிவாரணம் என்றாலே துன்பம் ஒன்று இருக்கிறது. அதைத் தந்தவர் கொடியவர். நீக்குபவர் மீட்பர் என்னும் கதை அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. தமிழில் நமக்கு மூன்று சொற்கள் உள்ளன. 'வரி நிவாரணம்' என்றால் வெள்ளமும் தீயும் நினைவுக்கு வரும். 'வரிச் சலுகை' என்றால், உயர்ந்தவர் மனமிரங்கித் தருவது என்ற பொருள் கூடும். 'வரிக் குறைப்பு' என்றால் அளவு குறைந்தது என்பது மட்டுமே. செய்தி வாசிப்புக்கு ஏற்றது மூன்றாவது. முதலிரண்டும் வழக்குரைப்போரின் சொற்கள்.

கட்சிப் பெயரும் பொதுப்பெயரும்

ஆங்கிலத்தில் கட்சியின் பெயரைப் பெரிய எழுத்தால் தொடங்குவர். ஜனநாயகத்தை விரும்பும் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லைச் சிறிய எழுத்தால் எழுதுவர். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு இல்லை. எனவே விகுதியும் அடைமொழியும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 'ஜனநாயகக் கட்சியினர்' என்றால் ஓர் அமைப்பின் உறுப்பினர். 'ஜனநாயகவாதிகள்' என்றால் ஒரு கொள்கையை ஏற்றவர். தொலைக்காட்சியின் அடிவரியில் இடம் போதவில்லை என்பதற்காக, "ஜனநாயகவாதிகள் மசோதாவை எதிர்த்தனர்" என்று போட்டால், எதிர்த்தரப்பினர் ஜனநாயகத்தில் நம்பிக்கை இல்லாதவர் என்பது போன்ற நிழல் விழுகிறது. 'குடியரசுவாதி' என்பதும் அவ்வாறே. அமெரிக்காவில் மன்னராட்சி வேண்டும் என்று எந்தப் பெருங்கட்சியும் கேட்கவில்லை. நம் பினாங்கில் ஜனநாயகச் செயல் கட்சியும் இருப்பதால், அடைமொழியின்றி 'ஜனநாயகக் கட்சி' என்று மட்டும் சொல்வது மேலும் குழப்பம் தரும். 'அமெரிக்க ஜனநாயகக் கட்சி' என்று ஒருமுறையாவது முழுமையாகச் சொல்வது நன்று.

இதனினும் சிக்கலானது 'தாராளவாதம்'. அமெரிக்கத் தொலைக்காட்சியில் தாராளவாதி என்பவர், அரசு சமூக நலத்திற்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும், சந்தையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கூறுபவர். இந்தியத் தமிழில் 1991க்குப் பின் வழக்கிற்கு வந்த 'தாராளமயம்' என்பதோ, அரசின் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சந்தையைத் திறந்துவிடுவது. ஏறத்தாழ எதிரெதிரான பொருள்கள். 'தாராளம்' என்னும் சொல்லுக்கு நம் பேச்சில் உள்ள கொடைப் பண்பு என்ற பொருளும் சேர்ந்தால், கேட்பவர் மூன்றாகத் திசைமாறுவார். மறுபுறம், 'பழமைவாதி' என்னும் சொல்லில் பழித்தல் தொனி கேட்கிறது. அம்முகாமைச் சேர்ந்தவர் அதைத் தமக்குரிய பெயராக ஏற்கமாட்டார். 'மரபுவாதி' என்பது நடுநிலைக்குச் சற்று நெருக்கமானது.

வண்ணங்களும் சொற்களைப் போன்றவையே. சிவப்பு என்றால் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குப் பொதுவுடைமை இயக்கம். அமெரிக்க வரைபடத்தில் சிவப்பு குடியரசுக் கட்சியின் மாநிலம். நீலம் ஜனநாயகக் கட்சியின் மாநிலம். இது பழைய மரபும் அன்று. 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தல் முடிவு வாரக்கணக்கில் இழுபட்டபோதுதான், தொலைக்காட்சிகள் யாவும் ஒரே வண்ண முறைக்கு வந்து அது நிலைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிலையமும் தன் விருப்பப்படி வண்ணம் தீட்டியது.

கட்சி மாறாது, கொள்கை மாறும்

"இந்தக் கட்சி தடையற்ற வாணிபத்தை ஆதரிக்கும் கட்சி" என்று விமர்சகர் ஒருவர் சொன்னால், "எந்த ஆண்டில்?" என்று கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உயர்ந்த இறக்குமதி வரியை ஆதரித்தது குடியரசுக் கட்சி. குறைந்த வரியைக் கோரியது ஜனநாயகக் கட்சி. 1930இல் ஸ்மூட்–ஹாலி சட்டத்தில் கையெழுத்திட்ட ஹெர்பர்ட் ஹூவர் குடியரசுக் கட்சியினர். பல நாடுகள் எதிர்வரி விதித்து உலக வாணிபம் சுருங்குவதற்கு அச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. 1934இல் வரிகளை உடன்படிக்கைகளின் வழி குறைக்கும் பாதையைத் திறந்தது ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ரூஸ்வெல்ட்டின் ஆட்சி. 

1980களில் காட்சி மாறியது. குடியரசுக் கட்சியின் ரேகன் தடையற்ற வாணிபத்தின் குரலாக விளங்கினார். 1993இல் வட அமெரிக்கத் தடையற்ற வாணிப உடன்படிக்கை மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதிபர் கிளிண்டனின் சொந்தக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தனர். குடியரசுக் கட்சியினரின் வாக்குகளே அதை நிறைவேற்றின. 2018இல் டிரம்ப் சீனப் பொருள்களுக்கு வரி விதித்தார். அவருக்குப் பின் வந்த ஜனநாயகக் கட்சியின் பைடன் அவற்றில் பெரும்பாலானவற்றை நீக்கவில்லை. 2024 மே மாதத்தில் சீன மின்சாரக் கார்களுக்கான வரியை 100 விழுக்காட்டிற்கு உயர்த்தவும் செய்தார். கட்சியின் பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளிருக்கும் கொள்கை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் கொள்கையை ஊகிப்பவர் ஏமாறுவார்.

செய்தியா, கருத்துரையா?

அமெரிக்க ஒலிபரப்பில் 1949 முதல் 'நேர்மைக் கோட்பாடு' என ஒரு நெறி இருந்தது. உரிமம் பெற்ற நிலையங்கள் பொது முக்கியத்துவம் வாய்ந்த சிக்கல்களைப் பேச வேண்டும். மாறுபட்ட கருத்துகளுக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்பதே அது. 1987இல் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் அதைக் கைவிட்டது. 1980இல் சிஎன்என் தொடங்கி, 1996இல் எம்எஸ்என்பிசி, ஃபோக்ஸ் நியூஸ் ஆகியவையும் வந்தபின், 24 மணி நேரமும் நிரப்பப்பட வேண்டியதாயிற்று. செய்தி சேகரிக்கப் பணம் வேண்டும். நால்வரை அமர்த்திப் பேசவிட அவ்வளவு வேண்டாம். கருத்துரை செய்தியைவிட நீண்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழ்த் தொலைக்காட்சிப் பார்வையாளருக்குச் சார்பு என்பது புதிதன்று. தமிழ்நாட்டில் கட்சிகளோடு தொடர்புடைய அலைவரிசைகள் பல இருப்பதை யாவரும் அறிவர். கலைஞர் தொலைக்காட்சி, ஜெயா தொலைக்காட்சி என்னும் பெயர்களே சார்பைச் சொல்லிவிடும். பார்ப்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார். அமெரிக்க அலைவரிசைகளின் பெயரில் அத்தகைய அடையாளம் இல்லை. அங்கிருந்து ஒரு விமர்சகரின் கூற்று தமிழுக்கு வரும்போது, அவர் யார் என்பது பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. "பொருளாதாரம் சரியும் என அஞ்சப்படுகிறது" என்கிறோம். அஞ்சுபவர் யார்? ஒரு பொருளியல் பேராசிரியரா, ஒரு கட்சியின் பேச்சாளரா, பங்குச் சந்தை முகவரா? செயப்பாட்டு வினை, எழுவாயை மறைக்கும் திரையாகப் பயன்படும்போது நாம் அதை விலக்கிப் பார்க்க வேண்டும். 'எனக் கருதப்படுகிறது', 'எனச் சொல்லப்படுகிறது', 'எனத் தெரிகிறது' என்னும் மூன்றையும் மாணவர்கள் கேள்விக்குறிகளாகவே எண்ணிக்கொள்ளலாம்.

எண்களைச் சொல்லும் தமிழ்

2024 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் இரு தரப்பினரும் ஓயாமல் மோதிக்கொண்ட செய்தி ஒன்று: "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்றார் ஒருவர், "விலைவாசி ஏறித்தான் இருக்கிறது" என்றார் மற்றவர். இருவருள் ஒருவர் பொய் சொல்கிறார் என்று பார்ப்பவர் நினைத்தார். இரண்டும் உண்மை. பணவீக்கம் என்பது விலை உயரும் வேகம். 2022 சூன் மாதத்தில் அமெரிக்காவின் ஆண்டுப் பணவீக்கம் 9.1 விழுக்காடு, 2023 சூனில் அது 3 விழுக்காடு. முதலில் 10 வெள்ளிக்கு விற்ற பொருள் 9.1 விழுக்காடு ஏறினால் 10 வெள்ளி 91 காசு. அடுத்த ஆண்டு 3 விழுக்காடு ஏறினால் ஏறத்தாழ 11 வெள்ளி 24 காசு. வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. விலையோ குறையவே இல்லை. 'வீக்கம்' வடிந்தால் பழைய நிலை திரும்பும் என்பது உடலுக்குப் பொருந்தும். பணவீக்கத்துக்குப் பொருந்தாது. நல்ல கலைச்சொல்லாயினும், அதன் உருவகம் இந்த ஓரிடத்தில் நம்மை வழி தவறச் செய்கிறது.

'பற்றாக்குறை' என்பதும் அப்படியே. வரவைவிடச் செலவு மிகுந்தால் அரசுக்கு வரவு செலவுப் பற்றாக்குறை. ஏற்றுமதியைவிட இறக்குமதி மிகுந்தால் வாணிபப் பற்றாக்குறை. இரண்டும் வேறு. வாரந்தோறும் நாம் மளிகைக் கடையில் வாங்குகிறோம். அக்கடைக்காரர் நம்மிடம் எதையும் வாங்குவதில்லை. அவருடன் நமக்கு எந்நாளும் 'வாணிபப் பற்றாக்குறை'தான். அதனால் அவர் நம்மை ஏமாற்றினார் என்று ஆகாது. நாட்டின் வாணிபப் பற்றாக்குறைக்கு நன்மை தீமை இரண்டும் இருக்கலாம். அது பொருளியலாளர் ஆராய வேண்டியது. ஆனால் 'பற்றாக்குறை' என்னும் சொல்லே அதை ஓர் இழப்பாகக் காட்டிவிடுகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

விழுக்காட்டைச் சொல்வதிலும் கவனம் தேவை. வட்டி 4 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டிற்கு ஏறினால், உயர்வு 1 விழுக்காட்டுப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு. எதிர்ப்பவர் 25 என்பார். ஆதரிப்பவர் 1 என்பார். பேரெண்களிலும் நாட்டுக்கு நாடு வழக்கு மாறுகிறது. நாம் மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்கிறோம். தமிழ்நாட்டில் இலட்சம், கோடி என்கின்றனர். ஒரு டிரில்லியன் என்பது ஓர் இலட்சம் கோடி. இதை மனத்தில் கொண்டால் இரு நாட்டுச் செய்திகளையும் ஒப்பிட இயலும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் செய்யத்தக்க எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். முந்தைய நாள் இரவுச் செய்தியில் கேட்ட ஒரு தொடரை மாணவர்கள் நினைவிலிருந்து எழுதட்டும். பின்னர் அத்தொடரிடம் ஐந்து கேள்விகள் கேட்கட்டும். செய்பவர் யார்? கட்டுபவர் அல்லது தாங்குபவர் யார்? இக்கூற்றைச் சொன்னவர் யார்? இதிலுள்ள எண் எதன் எண்? இச்சொல்லுக்குப் பதிலாக வேறு சொல் இட்டால் பொருள் மாறுகிறதா? விடை தெரியாத கேள்விக்கு நேரே வெற்றிடம் விடட்டும். வெற்றிடம் மிகுதியானால், அத்தொடர் செய்தி தரவில்லை, உணர்ச்சி மட்டுமே தருகிறது என்று கண்டுகொள்வர். இறுதியில் அத்தொடரைத் தாமே திருத்தி எழுதட்டும். வேற்றுமை, செய்வினை, செயப்பாட்டு வினை, பொதுப்பெயர், சிறப்புப்பெயர் ஆகிய பாடங்கள் யாவும் தேர்வுத் தாளுக்கு வெளியே உயிர்பெறுவதை அப்போது காணலாம்.

அந்த மாணவருக்கு என் மறுமொழி

2025 ஏப்ரல் 2இல் அறிவிக்கப்பட்ட 24 விழுக்காடு ஒரு வாரத்திற்குள் நிறுத்திவைக்கப்பட்டு 10 விழுக்காடாயிற்று. சூலை 7இல் 25 என்று கடிதம் வந்தது. சூலை இறுதியில் அது 19 ஆனது. அக்டோபர் 26இல் கோலாலம்பூரில் இரு நாடுகளும் வாணிப உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பினாங்கின் உயிர்நாடியான குறைகடத்திகள் ஏப்ரல் மாத அறிவிப்பிலேயே விலக்குப் பெற்றிருந்தன. 'மலேசியா மீது வரி' என்ற ஒற்றை வரித் தலைப்பில் அச்செய்திக்கு இடமில்லை.

அன்று நான் சொன்ன "இல்லை" இலக்கணப்படி சரி, பொருளியல்படி அரைகுறை. அவருடைய தந்தையாரின் சம்பளச் சீட்டில் அமெரிக்க வரி என்று ஒரு பிடித்தம் வராது. ஆனால் வாங்குபவர் தயங்கினால் கொள்முதல் குறையலாம். கொள்முதல் குறைந்தால் மிகுதிநேர வேலை குறையலாம். மிகுதிநேரம் குறைந்தால் வீட்டுக்கு வரும் தொகையும் குறையலாம். அவர் செய்யும் பொருள் விலக்குப் பட்டியலில் இருந்தால் இது நேராமலும் போகலாம். இதைத்தான் அம்மாணவரை நிறுத்திவைத்துப் பொறுமையாக நான் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா தொழிற்சாலையில் என்ன பொருள் செய்கிறார்கள்? அதை வாங்குபவர் யார்?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்விகளோடு அவர் வீட்டுக்குப் போயிருந்தால், அன்றிரவு தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த அக்குடும்பத்தில் செய்தியை எவ்வாறு கேட்பது என்று அறிந்தவர் ஒருவர் இருந்திருப்பார்.

உங்கள் வகுப்பிலும் அத்தகைய மாணவர் ஒருவர் தயங்கியபடி வந்து கேட்கக்கூடும். அவரைச் சிரித்து அனுப்பிவிடாதீர்கள்.